மெட்டா டேக்: எழுதும்போது எங்கே கோட்டைவிடுகிறோம்?

பக்கத்தைப் பற்றிய விவரத்தைத் தேடுபொறிக்கும் செயலிகளுக்கும் சொல்ல அதன் எச்டிஎம்எல் நிரலில் வைக்கும் குறிப்புதான் மெட்டா டேக். அது சரியாக இருந்தால் பக்கம் கூகுளில் மேலே வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அதன் மிச்சம்தான் பல தளங்களில் இன்றும் கிடக்கும் மெட்டா கீவேர்ட்ஸ். 'கொழுக்கட்டை, பிள்ளையார் கொழுக்கட்டை, கொழுக்கட்டை செய்முறை' என்று சொற்களை அடுக்கிவைப்பார்கள். தரவரிசைக்கு இதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. பக்கத்தைச் சுருக்கமாக விவரிக்கும் டிஸ்கிரிப்ஷன் டேக்கும் தரவரிசையை நேரடியாக உயர்த்தாது. தேடல் முடிவில் அதைப் படிக்கும் ஆள் கிளிக் செய்வாரா என்பதற்குத்தான் அது.

அந்த ஆளுக்கு என்ன எழுதுகிறோம்? 'எங்கள் தளத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.' எல்லாப் பக்கங்களுக்கும் இதே வரிதான். இதற்குப் பதில் 'பூரணக் கொழுக்கட்டை வெடிக்காமல் வர: தண்ணீர் அளவு, மாவு கிளறும் பதம், வேகவைக்கும் நேரம்' என்று போட்டுப் பாருங்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும், தேடிய சொல்லுக்குப் பொருந்தவில்லை என்றால் பக்கத்திலிருந்து வேறு வரியைக் கூகுளே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதைத் தடுக்க முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரும் தொல்லை ஒன்று இருக்கிறது. 'தமிழ்நாடு' நமக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடு கணக்கில் 9 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 27 பைட்டுகள். கட்டுரையின் முதல் சில வரிகளை வெட்டி டிஸ்கிரிப்ஷனாகப் போடும் டெம்ப்ளேட், பைட் கணக்கில் வெட்டினால் எழுத்து நடுவில் உடைந்து கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வரும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் கால், கொம்பு, புள்ளி உதிர்ந்து 'நாடு' என்பது 'நாட' என்று நிற்கும். தானியங்கி வெட்டலை நம்பாமல் கையால் எழுதுவதே நல்லது. முடியாவிட்டால் சொல் முடியும் இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். எஸ்இஓ பிளக்இன் (தேடலுக்கு ஏற்பப் பக்கத்தைச் சீராக்க உதவும் துணைநிரல்) தலைப்பின் நீளத்துக்குக் காட்டும் பச்சை, சிவப்பு நிறத்தையும் ரொம்பப் பொருட்படுத்த வேண்டாம். கூகுள் தலைப்பை வெட்டுவது திரையில் அது பிடிக்கும் அகலத்தை வைத்து. நம் எழுத்துகளோ அகலமானவை. அதனால் முக்கியமான சொல் முதலில், தளத்தின் பெயர் கடைசியில்.

அப்புறம் பகிர்தல். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் முன்னோட்டம் வருவது ஓப்பன் கிராஃப் டேக்குகளிலிருந்து, அதாவது பகிரும்போது காட்ட வேண்டிய தலைப்பு, விவரம், படம் ஆகியவற்றைச் சொல்லும் டேக்குகளிலிருந்து. 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த முறை இது. இங்கே அதிகம் சறுக்குவது படம். முகவரியை எச்டிடிபிஎஸ்-இலிருந்து முழுதாகத் தராமல் '/படங்கள்/...' என்று பாதியில் தொடங்கினால் பல செயலிகளில் படம் வராது. 1200-க்கு 630 பிக்சல் பொதுவாகச் சரியான அளவு. கேமராவிலிருந்து வந்த சில எம்பி கோப்பை அப்படியே வைத்தால் வாட்ஸ்அப் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். படத்துக்குள் எழுத்து இருந்தால் நடுவில் வையுங்கள். சில இடங்களில் ஓரத்தை வெட்டிச் சதுரமாக்கிவிடுவார்கள்.

ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் கட்டிய தளங்களில் டேக்கை ஜாவாஸ்கிரிப்ட் பிறகு சேர்க்கும். பிரவுசரின் இன்ஸ்பெக்டில் எல்லாம் அழகாகத் தெரியும். கூகுள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும். வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் பார்க்காது. சர்வர் முதலில் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே டேக் இருக்க வேண்டும். அதைக் காட்டும் பிரவுசரின் வியூ சோர்ஸைத் திறந்து பாருங்கள், அங்கே இல்லையென்றால் இல்லைதான்.

எல்லாவற்றையும்விட விலை அதிகமான தவறு நோஇன்டெக்ஸ், அதாவது இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று சொல்லும் டேக். சோதனைத் தளம் கூகுள் தேடலில் வராதிருக்கப் போட்டதை, தளம் வெளியான பிறகும் எடுக்க மறப்பது. வேர்ட்பிரஸில் ரீடிங் அமைப்பில் இருக்கும் ஒரேயொரு டிக் இதைச் செய்துவிடும். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு: நோஇன்டெக்ஸ் போட்ட பக்கத்தை தேடுபொறிகள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் (robots.txt) தடுப்பது. உள்ளே வரவே முடியாத கூகுள் அந்த டேக்கை எப்படிப் படிக்கும்? வேறு தளங்களின் இணைப்பு வழியாக அந்த முகவரி தேடலில் தலைகாட்டிவிடலாம்.

திருத்திய பிறகும் பழைய படமே வந்தால் பதறி மறுபடி டேக்கை மாற்ற வேண்டாம், அது செயலி முன்பே எடுத்துச் சேமித்துவைத்தது. ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் என்ற சோதனைக் கருவியில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் சோதிக்க, முகவரியின் கடைசியில் ?2 சேர்த்து உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். புது முகவரி என்று நினைத்துப் புதிதாக எடுத்துவரும்.