நிறமாலைமானி வாங்க முன் குவெட்டைக் கேளுங்கள்

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுகூடத்துக்கு முதன்முதலாக நிறமாலைமானி (ஒரு கரைசல் குறித்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரைசலை ஊற்றி அந்தக் கருவிக்குள் வைக்கும் சின்னச் சதுரக் குழாய்தான் குவெட். பியர்-லம்பேர்ட் விதி (செறிவு கூடும் அளவுக்கு உறிஞ்சலும் கூடும் என்பது) உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அலைநீளத்தை எழுதுங்கள்

கட்லொக்கைத் திறக்க வேண்டாம். மாணவர்கள் எதை அளக்கப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அலைநீளத்தைப் போடுங்கள். எங்கள் தாளில் இருந்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். இரும்புக்குப் பினாந்திரோலின் முறை, 510 நனோமீற்றர். புளோரைட்டுக்கு ஸ்பாட்ன்ஸ் என்ற சாயம் சேர்க்கும் முறை, 570. தோட்டக் கிணற்று நைத்திரேற்றுக்கு 220.

(ஸ்பாட்ன்ஸில் புளோரைட்டு கூடக் கூட நிறம் மங்கும், அதனால் வரைபு கீழ்நோக்கி இறங்கும். முதல் நாள் மாணவர்கள் பிழை விட்டதாக நினைத்து எல்லாவற்றையும் ஊற்றிவிட்டார்கள்.)

அந்தத் தாளே முடிவைச் சொல்லிவிடும். முதல் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளி போதும்; 325 நனோமீற்றரளவில் தொடங்கும் மலிவான கருவி, ஹலஜன் விளக்கு, பராமரிப்பும் குறைவு. நைத்திரேற்றின் 220 கண்ணுக்குத் தெரியாத புறஊதா; அதற்குத்தான் 190இல் தொடங்கும் கருவியும் புறஊதா தரும் டியூட்டீரியம் விளக்கும் வேண்டும். அந்த விளக்கு சாதாரணமாக 1000 மணித்தியாலம், நல்லது என்றால் 2000. என்னைக் கேட்டால், விலைகூடிய ஒன்றைப் பூட்டி வைப்பதைவிட, இரண்டு மலிவுக் கருவியும் புறஊதா உள்ள ஒன்றும் வாங்குவேன். நாற்பது பிள்ளைகள் ஒரே கருவிக்கு வரிசையில் நின்றால் பாடம் நடக்காது.

படி 2: விலைமனு

விவரக்குறிப்பில் அலைநீள வீச்சு, பட்டை அகலம் (ஒரே நேரத்தில் கரைசலுக்குள் போகும் அலைநீளங்களின் அகலம்; 2 நனோமீற்றர் எங்களுக்குத் தாராளம்), 230 வோல்ட், மேலதிக விளக்கு, இடத்துக்கு வந்து பொருத்திப் பழக்குதல் எல்லாம் எழுத்தில் வேண்டும். கொழும்பிலிருந்து ஆள் வருவதற்கான செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 3: குவெட்

நான் விழுந்த குழி இதுதான். கருவியோடு நான்கு குவெட் வரும் என்று விலைமனுவில் இருந்தது. வந்தன. எதால் செய்தவை என்று நான் கேட்கவில்லை.

செறிவு தெரிந்த நைத்திரேற்று நியமக் கரைசல்களை வைத்தோம். லீற்றருக்கு 1, 2, 4 மில்லிகிராம் என்று செறிவு ஏறியது. உறிஞ்சல் தன்பாட்டில் துள்ளியது. கரைசலைத் திரும்பச் செய்தோம். காய்ச்சி வடித்த தண்ணீரை மாற்றினோம். விற்றவர்களுக்குப் போன் எடுத்துச் சண்டையும் பிடித்தேன். இரண்டு கிழமை போனபின் ஒரு மாணவிதான் குவெட்டின் மேல்விளிம்பில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருப்பதைக் காட்டினாள். கண்ணாடி! 220இல் சாதாரணக் கண்ணாடி ஒளியை விடாது. நைத்திரேற்று இல்லாத வெற்றுக் கரைசலையும் அதே குவெட்டில் வைத்துப் பூச்சியமாக்கியதால் திரை 0.000 என்று காட்டியது, நாங்களும் நம்பிவிட்டோம். ஒளியே போகாத இடத்தில் கருவி அளந்தது இரைச்சலை மட்டுமே.

நீங்கள் இப்படிச் சோதியுங்கள். குவெட் இல்லாமல் 220இல் பூச்சியமாக்குங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் நிரப்பிய குவெட்டை வையுங்கள். குவார்ட்ஸ் என்றால் சின்ன எண்தான் வரும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ என்றால் 2, 3 என்று மேலே பாயும். குவார்ட்ஸில் பொதுவாக 'கியூ' எழுத்து இருக்கும். ஆனாலும் எழுத்தைவிடச் சோதனையை நம்புங்கள். விலைமனுவில் "குவார்ட்ஸ், 10 மில்லிமீற்றர், பொருந்திய சோடி" என்றே போடுங்கள்.

சரி, குவார்ட்ஸ் வந்தபின் கோடு நேராக வந்தது. 275இலும் அளந்து, அந்த உறிஞ்சலின் இருமடங்கை 220இன் உறிஞ்சலிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சேதனப் பொருளும் 220இல் உறிஞ்சும்.

படி 4: கரண்ட்

யூபிஎஸ் இல்லாமல் பொருத்த விடாதீர்கள். விளக்கு நிலைப்பட அரை மணித்தியாலம் விடுவோம். நடுவில் ஒருதரம் கரண்ட் போய் வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

காசே இல்லையென்றால்? நீங்களே ஒன்று செய்யலாம். பழைய டிவிடியின் இரு தட்டையும் பிரித்தால் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1350 கோடுள்ள, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி கையில். ஒரு வெப்கேமும் கறுப்பு அட்டைப் பெட்டியும் போதும். சிஎஃப்எல் பல்பின் 436, 546 நனோமீற்றர் ஒளிக்கோடுகளை வைத்து அளவுதிருத்தலாம். கெமராவின் தானியங்கி ஒளிச்சீராக்கத்தை நிறுத்தாமல் செறிவு வரைபு கீறப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஆசிரியர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து பாவித்த கருவி எடுத்திருக்கிறார். பின்பக்க ஆளி 115 வோல்ட்டில் இருந்ததைப் பார்க்காமல் செருக, பியூஸ் போய்விட்டதாம். பியூஸோடு தப்பியது அதிர்ஷ்டம். பாவித்தது எடுப்பவர்கள் ஆளியையும், விளக்கு எத்தனை மணித்தியாலம் எரிந்தது என்பதையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியில் அளக்கும் நிறமாலைமானி) பற்றியும் கேட்டார். பொட்டாசியம் புரோமைட்டு ஒளியியல் உள்ளதை எடுத்தால் மாரி மழைக்கு ஈரம் உறிஞ்சிக் கெட்டுப்போகும். உலர்த்திப் பொருளைக் கிழமைக்கொருதரம் பார்க்க ஓர் ஆளை நியமித்துவிட்டு ஓடர் கொடுங்கள்.