நிற்கும்போதுதான் கெடுகிறது: வேலூர்ப் பக்கம் படகு இன்ஜின் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

கடலோர ஊர்களில் படகு இன்ஜின் தினமும் ஓடித் தேயும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்திருக்கும் நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் கதையே வேறு. பாலாற்றில் தண்ணீர் வந்தாலே விசேஷம். ஏரிகளுக்கும் வடகிழக்குப் பருவமழைதான் கதி. அதனால் இங்கே இருக்கும் சில அவுட்போர்டு இன்ஜின்கள் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுபவை) வருஷத்தில் கொஞ்ச நாள் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் ஷெட்டில் கிடக்கின்றன. ஆனால் 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அப்படி ஒரு நாள் வந்தால் அந்த இன்ஜின் உடனே கிளம்பியாக வேண்டும். அன்றைக்குக் கிளம்பாமல் போனால், அதற்கான காரணம் பெரும்பாலும் போன சீசன் முடிந்த அன்றே ஆரம்பித்திருக்கும்.

பெட்ரோலை அப்படியே விட்டுவிடுவது

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இதுதான். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பல அவுட்போர்டு இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இது இன்னும் ஆபத்து. பெட்ரோலில் நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், இன்ஜினுக்குள் போவது ஆயில் இல்லாத கலவையாக இருக்கும்.

இன்னொரு பக்கம் நம் ஊர் வெயில். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது புதிதில்லை. தகர ஷெட்டுக்குள் இன்னும் அதிகம். கார்புரேட்டரில் நிற்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக, பெட்ரோல் போகும் ஜெட் என்ற சின்னத் துளையில் ஒட்டிக்கொள்ளும். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் முதலில் ஜெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்று தெரிந்தால், கடைசி நாள் இன்ஜின் தண்ணீரில் இருக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அதற்கப்புறமும் கார்புரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் இருக்கும். அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் திருகி அதையும் வடித்துவிடுங்கள். இது கார்புரேட்டர் இன்ஜினுக்கான முறை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்றால் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள். டேங்கில் மிஞ்சியதை வெறும் பெட்ரோலாக இருந்தால் உடனே பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம். டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயில் கலந்தது என்றால் இப்போதைய பைக்குக்கு வேண்டாம்.

பெட்ரோல் பேச்சு வந்ததால் ஒன்று. ஐந்து நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு இன்ஜின் அணைந்தால், எதையும் பிரிப்பதற்கு முன் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் உள்ளே காற்று போகாது, பெட்ரோலும் வராது.

தரையில் வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது

மழை எச்சரிக்கை வந்ததும் "சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம்" என்று ஷெட்டிலேயே ஓட்டுவார்கள். கீழே, இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலேற்றும் பம்புக்குள் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் சில வினாடி சுற்றினாலே ரப்பர் இறக்கைகள் உரசிச் சூடாகிக் கெட ஆரம்பிக்கும். ஓட்டிப் பார்த்தவருக்கு இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று திருப்தி. ஏரிக்குள் போன பிறகுதான் அது கொதிக்கும்.

பெரிய பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி, இன்ஜினின் கால் பகுதியை அதற்குள் இறக்கி, தண்ணீர் உறிஞ்சும் சல்லடை நன்றாக மூழ்கும்படி நிரப்புங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கம் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் உடனே அணையுங்கள். பம்பைப் பிரிக்க அவசரப்படாமல், முதலில் மெல்லிய நைலான் நரம்பை அந்தத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் கிடந்த இன்ஜினில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அது உடைந்து வந்ததும் பீச்சு திரும்பிவிடும். அப்படியும் வராவிட்டால் இம்பெல்லர்தான். ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தே அதன் இறக்கைகள் வளைந்து நின்றுவிடும். ஆகவே ஓடாத இன்ஜினுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது அதை மாற்றுவது நல்லது.

டிரம்மில் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்லத் தேவையில்லை. கொதிபாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைப் படிவு இன்ஜினின் குளிர்ச்சிப் பாதையிலும் படியும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

பின்னுக்குப் பதில் ஆணி

நம் ஏரிகளில் தண்ணீர் ஏறும்போது சீமைக்கருவேலங் கட்டைகள் உள்ளே மறைந்துவிடும். புரொப்பெல்லர் அதில் மோதினால், சின்ன இன்ஜின்களில் ஷியர் பின் என்ற மெல்லிய பின் உடையும். உடைவதற்காகவே வைத்தது அது. அது உடைவதால்தான் கியரும் தண்டும் தப்பிக்கின்றன. "அடிக்கடி உடைகிறது" என்று கெட்டியான ஆணியையோ போல்ட்டையோ வெட்டிச் செருகுகிறார்கள். அடுத்த மோதலில் பின் தாங்கும், கியர் பல் உடையும். அந்தச் செலவில் பின்னைக் கை நிறைய வாங்கலாம். சரியான அளவில் இரண்டு மூன்று பின்னும் ஒரு பிளையரும் எப்போதும் படகிலேயே கிடக்கட்டும். ஆகாயத்தாமரை சல்லடையை அடைத்தாலோ, ஆழமில்லாத இடத்தில் சேறு கலங்கினாலோ, இன்ஜினை அணைத்து, தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். முறுக்கி வெளியேறப் பார்க்காதீர்கள்.

அதேபோல மீன் வலை நரம்பு. புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் அது சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் அறுந்துவிடும். அந்த வழியாகக் கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகும். கியர் பெட்டியின் கீழ்த்திருகைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. ஆயிலை மட்டும் மாற்றி மூடினால் அடுத்த முறையும் அதேதான். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்ற வேண்டும். மேல்துளையில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடி, அப்புறம் கீழ்த்திருகு. வாஷர் இரண்டும் புதியதாக இருக்கட்டும்.

ஆயில் விஷயத்தில் பைக் கடையின் 2டி ஆயிலையே ஊற்றுவது இன்னொரு பழக்கம். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று டப்பாவில் போட்ட ஆயில்தான் வேண்டும். பெட்ரோலுக்கு ஆயில் 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. "கொஞ்சம் கூடப் போடு, நல்லது" என்றால் பிளக் கரிதான் பிடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பொதுவாக 100 மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நம் பக்கம் எப்போதும் வருஷம்தான் முதலில் வரும்.

ஏலகிரி மாதிரி 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஏரியில் ஓட்டினால், காற்று மெலிவதால் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும், கலவையில் காற்றைவிடப் பெட்ரோல் பங்கு கூடிவிடும். அதைப் பழுது என்று எண்ணி பிளக்காக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சின்ன ஜெட், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர், இவைதான் வழி.

கடைசியாக, இன்ஜினை வைக்கும் விதம். நிற்க வைப்பதே நல்லது. ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தால், ஃபோர் ஸ்ட்ரோக்கை உறையில் குறித்திருக்கும் பக்கமாக மட்டும் சாயுங்கள். மாறிப்போனால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கார்புரேட்டர், பிளக், ஸ்டார்ட்டர் கயிறு வேலைகளை நம் ஊர் பைக் மெக்கானிக்கே அழகாகச் செய்வார், தாராளமாக அவரிடம் கொடுங்கள். வாட்டர் பம்பும் கியர் பெட்டியும் மட்டும் அவுட்போர்டு பார்த்துப் பழகியவர் கைக்குப் போகட்டும். அதையும் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள், ஏனென்றால் உதிரி பாகம் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கும்.