அலை மோதும்போது ஆவி திரவமாவது: சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரவ இயற்கை எரிவாயுக் கப்பலின் தொட்டியில் திரவம் மைனஸ் 162 டிகிரி செல்சியஸில், அதாவது கொதிநிலையிலேயே இருக்கிறது. மேலே இருப்பது காற்று இல்லை, அதே பொருளின் ஆவி. கப்பல் ஆடும்போது அலை சுவரில் மோதினால் நடுவே ஓர் ஆவிப் பை சிக்கி நசுங்கும். அலையின் அடியைத் தாங்கும் மெத்தை அந்தப் பைதான். ஆவி திரவமாகிக் குறைந்தால் மெத்தை மெலியும், அடி சுவரில் விழும். சில வகைத் தொட்டிகளில் உட்புற இன்வார் (நிக்கல்-இரும்புக் கலவை) தகடு வெறும் 0.7 மில்லிமீட்டர்தான். தண்ணீரும் காற்றும் வைத்துப் போட்ட கணக்கை அப்படியே இங்கே பொருத்துவது முதல் தவறு.

அமுக்கினாலே பை முழுக்கத் திரவத் துளியாகிவிடும் என்று நினைப்பது அடுத்தது. சுத்த மீத்தேனை எடுத்துக்கொள்வோம். 1 பார் அழுத்தத்தில் அதன் கொதிநிலை சுமார் 112 கெல்வின், 2 பாரில் சுமார் 121. ஆவியைச் சட்டென்று 2 பாருக்கு அமுக்கினால் அது 130 கெல்வினையே தாண்டும். பையின் நடுவில் துளி உருவாக வழியே இல்லை. குளிர்ந்த திரவப் பரப்பை ஒட்டியும் குளிர்ந்த சுவரிலும்தான் ஆவி திரவமாகும்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் இனிமேல்தான். திரவமாகும் ஒவ்வொரு கிலோ ஆவியும் சுமார் 510 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அதனால் திரவத்தின் மேல்தோல் சூடாகி, ஆவி திரவமாகும் வேகம் தானாகவே குறைகிறது. மோதல் நடக்கும் 10 மில்லிவினாடியில் வெப்பம் திரவத்துக்குள் இறங்கும் ஆழம் ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சிமுலேஷன் இடத்தைப் பிரிக்கும் கட்டத்தின் அளவு சில மில்லிமீட்டர் என்றால் இந்தத் தோல் கணக்கிலேயே வராது. விடை கூடுமா குறையுமா என்பதுகூட நிரல் எழுதிய முறையைப் பொறுத்தது. பரப்பை ஒட்டிக் கட்டங்களை நுணுக்குங்கள். முடியாவிட்டால் அந்த மெல்லிய அடுக்குக்குத் தனியாக ஒற்றைப் பரிமாண வெப்பக் கடத்தல் கணக்கை இணையுங்கள்.

அதைச் செய்யாமல், ஆவி திரவமாகும் வேகத்தைக் கணக்கிடும் லீ மாதிரியில் நாமே தேர்ந்து வைக்கும் குணகத்தைத் திருகித் திருகிச் சோதனையின் உச்ச அழுத்தத்தோடு பொருத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். கட்டத்தை மாற்றினால் அந்தக் குணகமும் மாறிவிடும். அதுவும் போக, ஒரே அலையைத் திரும்பத் திரும்ப மோதவிட்டாலும் ஒற்றை உணரியின் உச்சம் ஒவ்வொரு முறையும் வேறுபடும். பைக்குள் அழுத்தம் நேரத்தோடு ஏறி இறங்கும் வளைகோட்டை ஒப்பிடுங்கள்.

அப்புறம், பரப்பைக் கடந்து நிறை போகும்போது இருபுறமும் திசைவேகம் ஒன்றாக இருக்காது. அந்தத் தாவலை விட்டுவிட்டால் பையின் கன அளவே தப்பாகும். அலைக்குப் போகும் முன், துல்லியமான விடை தெரிந்த ஸ்டெஃபான் கணக்கில் (நிலை மாறும்போது பரப்பு நகர்வதைக் கணக்கிடும் எளிய கணக்கு) உங்கள் நிரலைச் சோதியுங்கள்.