ஆங்கில வாக்கியத் திருத்தம்: எதை எதனுடன் ஒப்பிடுகிறார்கள்?

வங்கித் தேர்விலும் மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்விலும் வாக்கியத் திருத்தக் கேள்வி வந்தால், மனதுக்குள் படித்துப் பார்த்துக் காதுக்கு உறுத்தாத விடையைத் தேர்ந்தெடுப்பது பலரின் வழக்கம். இணை அமைப்பிலும் (வரிசையாக வரும் சொற்கள் ஒரே இலக்கண வகையில் நிற்பது) ஒப்பீட்டிலும் அது காலை வாரிவிடும். ‘ஊட்டியின் தட்பவெப்பம் சென்னையைவிடக் குளிர்ச்சியானது’ என்றால் தமிழில் யாருக்கும் உறுத்தாது. அதே காதோடு ஆங்கிலத்தைப் படித்தால் பிழை எப்படித் தெரியும்?

படி 1: திருப்புச் சொல்லுக்கு, அதாவது இரு பகுதிகளை இணைக்கும் அல்லது ஒப்பிடும் சொல்லுக்கு, அடிக்கோடு இடுங்கள். ‘அண்ட்’, ‘ஆர்’, ‘பட்’ என்றால் இணை அமைப்பு. ‘தேன்’, ‘ஆஸ்’, ‘லைக்’ என்றால் ஒப்பீடு. (இந்தத் ‘தேன்’ இனிக்காது.)

படி 2: அந்தச் சொல்லின் வலப்பக்கத்தை முதலில் பாருங்கள். அங்கே நிற்கும் வகையே இடப்பக்கத்திலும் நிற்க வேண்டும். “ஷி லைக்ஸ் ரீடிங், பெயின்டிங் அண்ட் டு ஸ்விம்” என்பதில் ‘டு ஸ்விம்’ என்பது ‘ஸ்விம்மிங்’ ஆக வேண்டும். இவ்வளவு எளிதாகப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். “ஹி நாட் ஒன்லி ப்ளேஸ் கிரிக்கெட் பட் ஆல்சோ டென்னிஸ்” என்று கேட்பார்கள். ‘நாட் ஒன்லி’க்குப் பின் வினை, ‘பட் ஆல்சோ’வுக்குப் பின் பெயர். “ஹி ப்ளேஸ் நாட் ஒன்லி கிரிக்கெட் பட் ஆல்சோ டென்னிஸ்” என்பதே சரி.

எல்லாச் சொல்லும் ‘இங்’ என்று முடிந்தால்தான் இணை அமைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். “ஃபாலிங் சேல்ஸ், ரைசிங் காஸ்ட்ஸ் அண்ட் எ லாஸ்” என்ற வரிசையில் பிழையே இல்லை. ‘ஃபாலிங்’, ‘ரைசிங்’ இரண்டும் அடைமொழிகள். வரிசையில் நிற்பவை ‘சேல்ஸ்’, ‘காஸ்ட்ஸ்’, ‘லாஸ்’ என்ற மூன்று பெயர்ச்சொற்கள். தேவையில்லாத இடத்தில் ‘இங்’ சேர்த்து ஆசைகாட்டும் விடைகளை இப்படித்தான் கழிக்க வேண்டும்.

படி 3: ஒப்பீடு என்றால், எது, எதனுடன் என்று கேளுங்கள். “தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை” என்ற வாக்கியம் தட்பவெப்பத்தை ஒரு நகரத்தோடு ஒப்பிடுகிறது. ‘தேன் தட் ஆஃப் சென்னை’ என்று திருத்துங்கள். இடப்பக்கம் ‘ரோட்ஸ்’ போன்ற பன்மை இருந்தால் ‘தோஸ் ஆஃப்’.

‘லைக்’ வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் கூடுதல் கவனம் தேவை. “லைக் கேரளா, தி எகானமி ஆஃப் கோவா டிபெண்ட்ஸ் ஆன் டூரிஸம்” என்பதில் ஒரு மாநிலமும் ஒரு பொருளாதாரமும் ஜோடி சேர்ந்திருக்கின்றன. காற்புள்ளிக்குப் பின் நேராகக் ‘கோவா’ வர வேண்டும்.

படி 4: ‘எனி’ வந்தால் எல்லையைப் பாருங்கள். “சென்னை இஸ் லார்ஜர் தேன் எனி சிட்டி இன் தமிழ்நாடு” என்பது சென்னையைச் சென்னையோடும் ஒப்பிட்டுவிடுகிறது. ‘எனி அதர் சிட்டி’ வேண்டும். ‘தமிழ்நாடு’ இருக்குமிடத்தில் ‘கேரளா’ வந்தால் கதை தலைகீழ். சென்னை அங்கே இல்லை, ஆகவே ‘அதர்’ சேர்த்த விடைதான் தவறு.