மினாக்ஸிடில் தடவும் முறை

உச்சியில் சொட்டை விழுவது, பெண்களுக்கு வகிடு அகலமாவது: பரம்பரையாக வரும் இந்த முடி உதிர்வுக்கு முதலில் முயல வேண்டிய பூச்சு மருந்து மினாக்ஸிடில். முன்நெற்றி ஓரத்தில் இது அவ்வளவாக எடுபடாது. திடீரென வட்டமாகக் கொட்டினாலோ, மண்டைத் தோல் சிவந்து வலித்தாலோ, முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். டெங்குக்கோ பிரசவத்துக்கோ பிறகு கொட்டுவது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பெண்கள் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆண்களுக்கு 5% கரைசல், காலை 1 மி.லி., இரவு 1 மி.லி. பெண்களுக்கு 2% கரைசல் அதே அளவில் இரு வேளை, அல்லது 5% நுரை அரை மூடி ஒரு வேளை. 60 மி.லி. பாட்டில் இரு வேளைக் கணக்கில் ஒரு மாதம் வரும். கூடுதலாக ஊற்றினால் முடி கூடுதலாக வளராது. ரத்தத்தில் கலக்கும் மருந்துதான் கூடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகத் தடவ வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது தடவும் விதத்தில்தான். மருந்து முடியில் படிந்தால் வீண், தோலில் இறங்க வேண்டும். தலை நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஈரத்தில் மருந்து நீர்த்து நெற்றிக்கு வழியும். எண்ணெய்த் தலையில் தடவாதீர்கள். எண்ணெய் வைத்தே பழகியவர்கள் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து, ஷாம்பூ போட்டு அலசி, தலை காய்ந்தபின் மருந்துக்கு வரலாம். சீப்பால் வகிடு பிரித்து, டிராப்பரை உச்சித் தோலில் வைத்துச் சில சொட்டு விட்டு, விரல் நுனியால் பரப்புங்கள். அடுத்த வகிடு, அதற்கடுத்தது என்று 1 மி.லி. தீரும்வரை. உடனே சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. கரைசலில் ஆல்கஹால் இருப்பதால் காயும்வரை அடுப்பருகே போக வேண்டாம்.

இரவு மருந்தைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் தலையணையில் ஒட்டி முகத்துக்கு வரும். பெண்களுக்குக் கன்னத்தில் முடி முளைக்க இதுவும் ஒரு காரணம். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. சிறிதளவு நக்கினாலும் அதன் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் வாரத்திலிருந்து முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புதிய முடி தள்ளுவதால் வருவது இது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அடங்கும். பயந்து நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். பலன் தெரிய நான்கு மாதம், முழுதாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மருந்தை நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும்.

அரிப்பும் சிவப்பும் வந்தால், கரைசலில் உள்ள புரோப்பிலின் கிளைக்கால் காரணமாக இருக்கலாம். அது இல்லாத நுரைக்கு மாறிப் பாருங்கள். தடவிய இடத்தில் உதிரும் வெள்ளைத் தூள் பல நேரம் காய்ந்த மருந்துதான். உண்மையான பொடுகென்றால் கீட்டோகோனசோல் ஷாம்பூவால் அதை முதலில் அடக்குங்கள்.

இது 1979-இல் அமெரிக்காவில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. விழுங்கியவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததால் 1988-இல் தலைக்கான கரைசலானது. அடிப்படையில் ரத்த அழுத்த மருந்து என்பதால், படபடப்பு, நெஞ்சுவலி, தலைசுற்றல், கால் வீக்கம் தெரிந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் தவிர்க்க வேண்டும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: ஃபினாஸ்டரைடு என்ற இன்னொரு முடி உதிர்வு மருந்து கலந்த பாட்டிலும் கடையில் உண்டு. அதை மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் வாங்காதீர்கள், கர்ப்பிணிகள் கையாலும் தொடக் கூடாது.