பாஸ்தா வேகும் பத்து நிமிடத்தில் நாம் செய்யும் தவறுகள்

இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி எட்டரைக்குச் சாப்பிட உட்கார வேண்டும் என்றால், என் கை தானாகவே ஸ்பகெட்டி பாக்கெட்டைத் தேடும். ஹோட்டலில் க்ரீம் வழிய வழிய வரும் தட்டை வைத்து இத்தாலியச் சமையலை எடை போடாதீர்கள். ரோமிலோ நேப்பிள்ஸிலோ ஒரு சாதாரண வீட்டில் வார நாள் இரவு நடப்பது ரொம்பவே எளிமையானது. அடுப்பில் தண்ணீர் ஏறும். அது கொதிப்பதற்குள் பூண்டு நறுக்கி முடிந்திருக்கும். பாஸ்தா வேகும் பத்து நிமிடத்துக்குள் சாஸும் தயார். மொத்தமே நான்கைந்து பொருள்தான்.

பொருள் குறைவாக இருப்பதில் ஒரு வம்பும் இருக்கிறது. சாம்பாரில் பருப்பு முன்னே பின்னே இருந்தால் புளியும் பொடியும் சமாளித்துவிடும். பூண்டும் எண்ணெயும் மட்டுமே உள்ள பாஸ்தாவில் பூண்டு கருகினால் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். நான் இதையெல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

வருடக்கணக்கில் நான் செய்த பெரிய தவறு வரிசையில்தான் இருந்தது. முதலில் பாஸ்தாவை வேகவைப்பேன். வடிப்பேன். குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி வடிதட்டிலேயே விட்டுவிட்டு, அப்புறம் நிதானமாக வெங்காயம் நறுக்க உட்காருவேன். சாஸ் முடியும்போது பாஸ்தா ஒரே பிண்டமாக வடிதட்டின் உருவத்திலேயே இருக்கும். கவிழ்த்தால் கேக் போல விழும். சாஸ் ஒரு ஓரமாகக் கால் மணி நேரம் சும்மா இருக்கலாம். பாஸ்தாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னாலேயே தண்ணீரை ஏற்றிவிடுங்கள். சாஸுக்கு இருபது நிமிடம் தேவைப்பட்டால் அது பாதி வந்த பிறகு பாஸ்தாவைப் போடுங்கள்.

தண்ணீர், உப்பு, எண்ணெய்

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இத்தாலியர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும் கணக்கு இது. தூள் உப்பில் இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக வரும். கேட்டதும் 'இவ்வளவா?' என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி வடித்த நீரோடு போய்விடுகிறது. அங்கே பல வீடுகளில் இதற்கென்றே கல் உப்பு டப்பா தனியாக இருக்கும். அரை டீஸ்பூன் உப்பு போட்டு வேகவைத்துவிட்டு, சாஸில் சரிக்கட்டலாம் என்று நினைத்தால் நடக்காது. சாஸ் கரிக்கும், பாஸ்தா சப்பென்று இருக்கும். வேகும் நேரத்தில் உள்ளே போகும் உப்புதான் பாஸ்தாவுக்கு ருசி.

உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமா, தாமதமாகக் கொதிக்குமா என்று சிலர் விவாதிப்பார்கள். இந்த அளவு உப்பு கொதிநிலையை 0.2 டிகிரிகூட ஏற்றாது. எப்போது வேண்டுமானாலும் போடுங்கள்.

பாஸ்தா ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் எண்ணெய் விடுவது நம் ஊரில் கிட்டத்தட்ட சாஸ்திரம் ஆகிவிட்டது. எண்ணெய் மேலே மிதக்கும். வடிக்கும்போது பாஸ்தாமேல் படலமாகப் படியும். அப்புறம் சாஸ் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு தட்டின் அடியில் தேங்கி நிற்கும். ஒட்டாமல் இருக்கத் தேவை முதல் இரண்டு நிமிடம் நன்றாகக் கிளறிவிடுவது மட்டும்தான், ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் மேற்பரப்பு பசையாக இருக்கும்.

எரிவாயு மிச்சம் பிடிப்பவர்களுக்கு ஒரு கதை. 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் இத்தாலியின் ஜோர்ஜோ பாரீசி. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியிருந்தபோது, அவர் ஒரு குறிப்பைப் பகிர்ந்தார். கொதிக்கும் நீரில் பாஸ்தாவைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்து, மூடி வைத்தாலே வெந்துவிடும் என்பது அதன் சாரம். தண்ணீரைவிட அந்நாட்டுச் சமையல்காரர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். நான் செய்து பார்த்தேன். வேகிறது. ஆனால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும். பாக்கெட்டில் உள்ளதைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகவும் பிடிக்கும். சிலிண்டர் தீரப்போகிற நாளுக்கு நல்ல வழி.

குக்கரில் விசில் விட்டு வேகவைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நடுவில் எடுத்துக் கடித்துப் பார்க்க அதில் வழியே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாஸ்தாவுக்கும் செல்லும். பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடம் ஒன்றை எடுத்துக் கடியுங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் வாணலிக்கு மாற்ற அதுதான் நேரம். எவ்வளவு கவனமாக இருந்தும் குழைந்துபோகிறதா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இலேயே சட்டம் வந்துவிட்டது. நம் கடைகளில் மைதாவில் செய்ததும் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பதம் பார்ப்பது வீண் வேலை.

வடிகஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள்

பாஸ்தா வெந்த நீர் மங்கலாக, லேசாகப் பிசுபிசுப்பாக இருக்கும். சோறு வடித்த கஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கிறது. அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பாஸ்தாவையும் அலசிவிட்டால், சாஸ் சேர வேண்டிய பசை இரண்டு பக்கமும் போயிற்று. குளிர வைத்துச் சாப்பிடும் பாஸ்தா சாலட் ஒன்றுக்குத்தான் அலசலாம்.

இதைப் புரிந்துகொள்ள 'ஆல்யோ எ ஓலியோ' போல நல்ல பாடம் வேறு இல்லை. நேப்பிள்ஸ் பக்கத்துச் சமையல். பெயருக்கே 'பூண்டும் எண்ணெயும்' என்றுதான் பொருள். இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நம் ஊர்ப் பூண்டு என்றால் எட்டுப் பல், ஒரு காய்ந்த மிளகாய். எண்ணெயைக் காய வைத்துப் பூண்டைப் போடுவது நம் தாளிப்புப் பழக்கம். இங்கே அதைத்தான் செய்யக்கூடாது. மெல்லிய வில்லைகளாக நறுக்கிய பூண்டைச் சூடாக்காத எண்ணெயிலேயே போட்டு, அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். வாசனை அறையைத் தாண்டிப் போகும். வில்லையின் ஓரம் வெளிர் மஞ்சளாகத் திரும்பும். இந்த இடத்தில் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, உடனே ஒரு கரண்டி பாஸ்தா நீரை ஊற்றிவிடுங்கள். சுர்ரென்று அடங்கும், பூண்டு அதற்குமேல் நிறம் மாறாது. பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால், எண்ணெயில் மிச்சமிருக்கும் சூடே அடுத்த அரை நிமிடத்தில் அதைக் கருக்கிவிடும், முழுத் தட்டும் கசக்கும்.

இப்போது பாஸ்தாவை இடுக்கியால் தூக்கி, நீர் சொட்டச் சொட்ட வாணலியில் போடுங்கள். தீயைக் கூட்டி, இன்னொரு கரண்டி நீர் விட்டு, ஒன்றரை நிமிடம் விடாமல் புரட்டுங்கள். முதலில் நீரும் எண்ணெயும் தனித்தனியாகக் கிடக்கும். பிறகு திடீரென்று சேர்ந்து, பளபளப்பாக, நீர்மோர் பதத்தில் பாஸ்தாவைச் சுற்றிக்கொள்ளும். அங்கே அணைத்துவிட வேண்டும். பார்ஸ்லி இருந்தால் தூவலாம். கிடைக்காவிட்டால் கொத்தமல்லியைப் போடாதீர்கள். ருசி வேறு ஊருக்குப் போய்விடும்.

சீஸும் சூடும்

ரோமின் கார்பொனாராவில் க்ரீம் கிடையாது. முட்டை, பெகொரினோ சீஸ், மிளகு, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னத்து இறைச்சி, அவ்வளவுதான். நான் முதல்முறை செய்தபோது அடுப்பை அணைக்காமல் முட்டைக் கலவையை ஊற்றினேன். அன்று சாப்பிட்டது ஸ்பகெட்டி போட்ட முட்டைப் பொரியல். முட்டை 65, 70 டிகிரியிலேயே கெட்டியாகிவிடும். வாணலியோ அதைவிட எவ்வளவோ சூடு. அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் ஆற விட்டு, முட்டையில் சீஸோடு இரண்டு கரண்டி வெந்நீரையும் கலந்து ஊற்றிப் புரட்டினால் குழம்பாக நிற்கும்.

பெகொரினோவும் மிளகும் மட்டும் சேரும் 'காச்சியோ எ பெப்பே' இன்னும் பொல்லாதது. சூடு கொஞ்சம் ஏறினாலும் சீஸ் திரிந்து ரப்பர் கட்டியாகிவிடும். இந்தத் திரிதலை ஆராய்ந்த இயற்பியலாளர் குழு ஒன்றுக்கு 2025இல் 'இக் நோபல்' என்கிற வேடிக்கைப் பரிசுகூடக் கிடைத்தது. அவர்கள் கண்டுபிடித்தது நமக்கு உபயோகமானது: சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரியாது. 100 கிராம் சீஸுக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்). கொஞ்சம் தண்ணீரில் அதைக் காய்ச்சிக் கூழாக்கி, ஆறவிட்டு, சீஸைச் சேர்த்து அரைத்துக்கொண்டால் சரி. ரோமாபுரிப் பாட்டிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பார்மிஜானோ ரெஜானோ' என்ற பெயரில் வரும் சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு பாலைத் திரித்துச் செய்வது. பெகொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியிலிருந்து எடுப்பார்கள். 'சீஸ்தானே' என்று விட்டுவிடாமல் பச்சைப் புள்ளி போட்ட பார்மெசான் வகையைத் தேடி வாங்குங்கள். கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்கப் பொடி கலந்திருப்பார்கள், அது சாஸில் சரியாகக் கரையாது.

ஒயிட் சாஸ் பாஸ்தா பற்றிக் கேட்பீர்கள். மைதாவும் பாலும் சேர்த்த அந்த சாஸ் இத்தாலியில் பெரும்பாலும் லசான்யாவுக்குள்தான் போகும். ஆசையாகச் செய்து சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் அவசரத்துக்கு அதைவிட வெண்ணெயும் சீஸும் பாஸ்தா நீரும் சேர்த்துப் புரட்டுவது எளிது. ரோமில் பிறந்த ஃபெட்டுச்சினி ஆல்ஃப்ரெடோவும் முதலில் அவ்வளவுதான். க்ரீம் பிற்பாடு அமெரிக்காவில் வந்து சேர்ந்தது.

தக்காளி தொக்காகும் இடம்

நம் கை பழகிய பாதை ஒன்று இருக்கிறது. வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து, தக்காளி போட்டு, மிளகாய்த் தூள் தூவி, எண்ணெய் பிரியும்வரை விடுவது. அருமையான தொக்கு வரும், சப்பாத்திக்கு வையுங்கள். பாஸ்தாவுக்கான எளிய தக்காளி சாஸில் வெங்காயமோ பூண்டோ ஏதாவது ஒன்று போதும். பூண்டுப் பல்லை நசுக்கி எண்ணெயில் மெதுவாகச் சூடாக்கி, தக்காளி, உப்பு சேர்த்து 15, 20 நிமிடம் விட்டால் முடிந்தது. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் அதிகம். சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி நன்றாகப் பழுத்ததாக எடுத்து, பாதியாக வெட்டி, துருவியில் தேயுங்கள். தோல் கையில் நின்றுவிடும், வேலை மிச்சம். கெட்சப் ஊற்றி இனிப்பாக்குவது வேண்டாம்.

எதைச் செய்தாலும் மேலே ஆரெகனோ பாக்கெட்டைக் கொட்டினால் எல்லாமே டெலிவரி பீட்சா மாதிரி மணக்கும். இந்தச் சாஸுக்குப் பொருத்தம் பேசில் இலை, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. பேசிலும் துளசியும் ஒன்றல்ல. திருநீற்றுப்பச்சிலை என்று நாம் சொல்வதுதான் தாவர இனத்தில் பேசில். சப்ஜா விதை வருவது அதிலிருந்துதான். ஆனால் நம் ரகத்தின் மணம் இத்தாலியின் ஜெனோவா ரகத்தைவிடக் காரமானது, இரண்டு மூன்று இலை போதும்.

இறைச்சியை மணிக்கணக்கில் வேகவிடும் பொலோனியா நகரத்து 'ராகு' சாஸை வார நாள் இரவில் இருபது நிமிடத்தில் முடிக்க முயலாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து டப்பாக்களில் உறைய வைக்கலாம். இத்தாலியர்களின் குழைவான அரிசி உணவான ரிசொட்டோ செய்தால் அரிசியைக் கழுவக்கூடாது. கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும், தடுங்கள். சாஸ் திரளுவதே அந்த மாவுச்சத்தால்தான். குக்கர் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் 'பாஸ்தா எ செச்சி' செய்யலாம். கொண்டைக்கடலையைக் காலையில் ஊறப் போட்டு, இரவு குக்கரில் வேகவைத்து, பாதியை மசித்து, அந்தக் குழம்பிலேயே சின்னப் பாஸ்தாவை நேரடியாக வேகவிடுவது. வடிக்கவே வேண்டாம்.

மிஞ்சிய ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் குழைந்தும் போகும். நேப்பிள்ஸ்காரர்கள் அதை அடித்த முட்டையிலும் சீஸிலும் புரட்டி, வாணலியில் தடிமனான அடை போல இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சுடுவார்கள். கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு அது. நான் ஆபீஸ் டப்பாவில் கொண்டுபோகிறேன். திருப்பிப் போடும்போது தட்டை வாணலிமேல் கவிழ்த்துத் திருப்புங்கள். முழுக்க ஆறிய பிறகே வெட்டுங்கள்; சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும்.