ஒரே பிளக்கில் 218-ம் 227-ம்: எந்த மீட்டரை நம்புவது?

தறிப்பட்டறையில் வோல்டேஜ் இல்லை என்று லைன்மேனைக் கூப்பிடும் முன்னால் கையில் இருக்கும் மல்டிமீட்டரைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அம்மாபேட்டையில் எங்கள் பட்டறையில் ஒரே பிளக்கில் பழைய மஞ்சள் மீட்டர் 218 காட்டியது, பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கியது 227 காட்டியது. எது பொய் என்று கேட்டால், இரண்டுமே பொய் இல்லை.

மீட்டரோடு வரும் தாளை (அதைத்தான் டப்பாவோடு தூக்கி எறிந்துவிடுகிறோம்) எடுத்துப் பாருங்கள். எங்களுடையதில் ஏசிக்கு (வீட்டுக்கு வரும் மாறு மின்சாரத்துக்கு) பிழை 1.2% + 10 டிஜிட் என்று இருக்கிறது. இதில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச்தான், வீட்டு கரண்டை அளக்க 750-க்குப் போயாக வேண்டும், அங்கே கடைசி இலக்கம் 1 வோல்ட், ஆகவே 10 டிஜிட் என்றால் முழுசாக 10 வோல்ட். 218-இல் 1.2% என்பது 2.6. கூட்டினால் 12.6 வோல்ட் மேலேயோ கீழேயோ போகலாம், அதாவது நிஜம் 205-லிருந்து 231-க்குள் எங்கேயும் இருக்கலாம். இரவல் மீட்டரில் 0.8% + 5 டிஜிட், கடைசி இலக்கம் 0.1 வோல்ட், பிழை 2.3-ஐத் தாண்டாது. 1956-ஆம் வருட மின்சார விதிகளிலேயே வீட்டு சப்ளைக்கு 6% கூடக் குறைய என்றுதான் இருந்தது, 230-க்கு அது 216 முதல் 244. மஞ்சள் மீட்டரை வைத்துக்கொண்டு 216-க்குக் கீழே போய்விட்டது என்று யாரிடமும் சண்டை போட முடியாது.

ஒப்பிடும்போது ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்காதீர்கள். பக்கத்துத் தறி ஓட ஆரம்பித்தாலே வோல்டேஜ் இறங்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டையும் ஒரே நேரத்தில் செருகிப் படியுங்கள். டிசிக்கு (பேட்டரி தரும் நேர் மின்சாரத்துக்கு), லோடு கழற்றிய இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல துணை, அது ஆடாமல் நிற்கும். ஆனால் டிசியில் ஒத்துப்போனால் ஏசியிலும் ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை.

ஏற்காட்டில் ஒரு நண்பர் காபித் தோட்டத்து வீட்டில் இன்வெர்ட்டர் 180 வோல்ட்தான் தருகிறது என்று புலம்பினார், பல்போ பளிச்சென்று எரிகிறது. விஷயம் இதுதான்: சாதாரண மீட்டர் சராசரியை அளந்து, அலை சைன் (வழுவழுப்பான வளைவு) வடிவம்தான் என்று நம்பி 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். படிக்கட்டு மாதிரி அலை தரும் இன்வெர்ட்டரில் உச்சம் 325 வோல்ட், பாதி நேரம் மட்டும் இருந்தால் உண்மை 230, மீட்டரோ 180 என்னும். இந்த இடத்துக்கு, அலை எந்த வடிவமானாலும் உண்மை வோல்டேஜைக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் சரி, மற்றதை வைத்து பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. (மலை உயரத்தால் தப்புக் காட்டுமோ என்றும் கேட்டார். பெரும்பாலான மீட்டர்கள் 2000 மீட்டர் வரை தாங்கும், ஏற்காடு சுமார் 1500தான்.)

அப்புறம், எதிலும் இணைக்காத ஒயரில் 60, 70 வோல்ட் காட்டினால் பதற வேண்டாம். பக்கத்து லைவ் ஒயரிலிருந்து ஏறும் ஆவி வோல்டேஜ் அது, ஒரு டெஸ்ட் பல்பை இணைத்தால் காணாமல் போய்விடும். போர்டில் கை வைக்கும் வேலைக்கு மட்டும் கேட் 3 (கட்டட வயரிங்கில் அளப்பதற்கான பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று போட்ட மீட்டரும் நல்ல லீடும் வாங்குங்கள். சிவப்பு லீடு 10 ஆம்பியர் ஓட்டையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், அதை அப்படியே பிளக்கில் வைத்தால் நேராக ஷார்ட்.